கந்தகம் தேடும் கொக்கி

எஸ்கில் கீழே சைக்கிளைப் பூட்டும் சத்தம் கேட்டதும் எனக்கு நெஞ்சு இறுக ஆரம்பித்துவிடும். அவன் மாடி ஏறி வருவதற்குள் சன்னலைத் திறந்து அதன் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். வெளியே பனி கொட்டினாலும் திறந்துதான் வைப்பேன். பல வருஷம் கூடவே வாழ்ந்த கணவன், என்னிடம் ஒரு நாளும் குரல் உயர்த்தாதவன். அவனைப் பார்த்து ஒரு குளிர்காலம் முழுக்க நான் அப்படிப் பயந்துகொண்டிருந்தேன்.

நாங்கள் இருவரும் சுவீடனில் உப்சாலா நகரத்தில் ஒரே மருந்து ஆராய்ச்சிக் கம்பெனியில் வேலை பார்த்தோம். புற்றுநோய்ச் செல்லைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் புரதம் ஒன்று உண்டு. அந்தச் செல்லைக் கொல்லும் விஷமும் உண்டு. இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டால், விஷம் வழியில் மற்றவற்றைக் கெடுக்காமல் போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும். கட்டுவதற்கு ஒரு கொக்கி வேண்டும். அந்தக் கொக்கிக்கு மாலிமைடு என்று பெயர். புரதத்தில் எங்கே கந்தகம் தலைநீட்டுகிறதோ அங்கே போய்ப் பிடித்துக்கொள்ளும். பிடித்தால் லேசில் விடாது. இவ்வளவு ஒழுங்காகச் சொன்ன வேலையைச் செய்கிற சரக்கு கிடைப்பது அபூர்வம் என்று அதைத் தலையில் வைத்துக்கொண்டாடியவர்களில் நானும் ஒருத்தி.

அதில் ஒரு வகை வெறும் வெள்ளைப் பொடி. பார்ப்பதற்குச் சர்க்கரை மாதிரி இருக்கும். கட்டி முடித்த பிறகு மிச்சம் இருக்கும் கந்தகத்தை அடைப்பதற்கு அதைப் போடுவோம். மூடியைச் சரியாகத் திருகவில்லை என்றால் தானாகவே காற்றில் ஏறிவிடும். கண் எரியும், மூக்கில் தண்ணீர் கொட்டும். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து வேலையைத் தொடர்வோம். மனித உடம்பும் புரதம்தான், அதிலும் கந்தகம் இருக்கிறது, பரிசோதனைக் குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் கொக்கிக்கு வித்தியாசம் தெரியாது என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும். தெரிந்த விஷயத்துக்கு யார் தினமும் பயப்படுகிறார்கள்?

முதலில் என் இமைகள் வீங்கின. பிறகு கழுத்தில் தடிப்பு. பிறகு சாயங்காலமானால் இருமல், சனி ஞாயிறு வந்தால் அது காணாமல் போய்விடும். சளி என்றேன். ஒரு நாள் ஆய்வுக்கூடத்திலேயே மூச்சு உள்ளே போகவும் மாட்டாமல் வெளியே வரவும் மாட்டாமல் நின்றுவிட்டது. என்னைத் தரையில் உட்காரவைத்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தவன் எஸ்கில்தான்.

பெரியாஸ்பத்திரியில் நுரையீரல் டாக்டர் பெஹ்ரூஸ் சுற்றிவளைக்காமல் சொன்னார்.

"உங்க உடம்பு இந்தச் சரக்க எதிரின்னு மனப்பாடம் பண்ணிடுச்சு. இனி கொஞ்சூண்டு பட்டாலும் போதும்."

"நாளாக ஆக மறந்துடாதா?"

"மனுஷங்க மறப்பாங்க. இது மறக்கிறது கஷ்டம்."

எங்கள் மேலாளர் அன்னேலி என்னை உடனே வேறு கட்டிடத்துக்கு மாற்றிவிட்டாள். அங்கே அறிக்கை எழுதும் வேலை. சன்னலுக்கு வெளியே பிர்ச் மரங்கள், கையில் காப்பி. நான் தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

எஸ்கில் அதே மேஜையில் தொடர்ந்தான். நான் விட்ட வேலையையும் சேர்த்து அவன்தான் பார்த்தான்.

அக்டோபர் வாக்கில் வீட்டிலேயே மூச்சு முட்ட ஆரம்பித்தது. அவன் வந்து என்னைக் கட்டிக்கொண்டு, அடுப்பில் என்ன என்று எட்டிப்பார்த்துவிட்டுப் போவான். உருளைக்கிழங்கு வேகிற நேரத்துக்குள் எனக்கு விசில் சத்தம் கேட்கும். அது என் நெஞ்சிலிருந்து வருகிற விசில். அவன் உடுப்பிலும் முடியிலும் ஒட்டிக்கொண்டு பொடி வீடுவரை வருகிறது என்று புரிந்த அன்று இருவரும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தோம்.

அவன் தன்னால் ஆனதையெல்லாம் செய்தான். அதை நான் மறைக்கக் கூடாது. வேலை முடிந்ததும் அங்கேயே தலைக்குக் குளித்தான், உடுப்பு மாற்றினான், செருப்பைக்கூட அங்கேயே விட்டுவிட்டு வந்தான். ஆசையாக வளர்த்த தாடியை எடுத்தான். நீளச்சோபாவில் தனியாகப் படுத்தான். அதற்குப் பிறகு குறைந்தது. ஆனால் முழுசாக நிற்கவில்லை. அவன் அந்தப் புட்டியைத் தொடவே இல்லை என்று சத்தியம் செய்த நாட்களிலும் எனக்கு மூச்சு அடைத்தது.

"யில்வா, என்னைப் பாத்தா பயமா இருக்கா?" என்று ஒரு நாள் கேட்டான்.

"உன்னைப் பாத்து இல்ல. உன் மேல ஒட்டியிருக்கிறதப் பாத்து."

"என் மேல ஒண்ணும் இல்லம்மா. வேணும்னா தோல உரிச்சுக் கொடியில காயப்போடவா?"

சிரித்தேன். சிரிப்பு இருமலாக மாறியது. அவன் ஓர் அடி பின்னால் நகர்ந்து, கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

சனவரியில் மறுபடி டாக்டரிடம் போனோம். ஊதச் சொன்னார்கள், ஊதினேன். எல்லாம் சுத்தமாக இருந்தது. பெஹ்ரூஸ் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டு, "கோவிச்சுக்காதீங்க. பயமும் இதே மாதிரிதான் நெஞ்சப் பிடிக்கும். ரெண்டும் சேந்துகூட வரலாம். ஒண்ண வச்சு இன்னொண்ணு இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எஸ்கில் மெதுவாகத் தலையாட்டியதைப் பார்த்தேன். டாக்டர் சொன்ன இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டவன் ஆட்டுகிற தலையாட்டல் அது.

பிப்ரவரி விடுமுறைக்குக் கடலோரத்தில் என் தங்கை வீட்டுக்குப் புறப்பட்டோம். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் எஸ்கில் வேலையிலிருந்து நேராகக் காரோடு வந்து என்னை ஏற்றிக்கொண்டான். பனி பலமாக விழப்போகிறது, இருட்டுவதற்குள் போய்விடலாம் என்றான்.

"குளிச்சியா?" இது எங்களுக்குள் வணக்கம் சொல்வது மாதிரி ஆகிவிட்டிருந்தது.

"குளிச்சேன்."

ஊர் எல்லை தாண்டியதும் இரண்டு பக்கமும் காடு வந்தது. சன்னல் எல்லாம் மூடியிருந்தது, காலடியில் சூடான காற்று வந்தது. அவன் கனமான கம்பளிச் சட்டையும் மேல்கோட்டும் போட்டிருந்தான். தங்கை வீட்டுச் சவுனா நீராவிக் குளியலைப் பற்றி ஏதோ பேசினான். நான் இலவங்கப்பட்டை ரொட்டியைப் பிட்டு அவனிடம் நீட்டினேன். அவன் தலையைச் சாய்த்து என் கையிலிருந்தே வாயால் வாங்கிக்கொண்டான். அவ்வளவு கிட்டே நாங்கள் வந்து வெகுநாள் ஆகியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் தொண்டையில் முடி சிக்கின மாதிரி இருந்தது. செருமினேன். போகவில்லை.

"எஸ்கில், கண்ணாடிய எறக்கு."

"வெளிய குளிருதே."

"எறக்குன்னு சொல்றேன்."

அவன் இறக்கவில்லை. "மெதுவா மூச்சு விடு யில்வா. ஒண்ணும் இல்ல. மூக்கால இழு, வாயால விடு. இங்க ஒண்ணுமே இல்ல" என்றான்.

அவன் குரல் அன்பாகத்தான் இருந்தது. நான் அவன் முகத்தைப் பார்த்தேன். சாலையைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தான். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. குடுவையில் ஒரு துளியை விட்டுவிட்டு, நிறம் மாறுகிறதா என்று காத்திருக்கும்போது அவன் அப்படித்தான் பார்ப்பான்.

பையைத் துழாவி, மூச்சு முட்டினால் உறிஞ்ச வைத்திருந்த நீல இன்ஹேலரை எடுத்து இழுத்தேன். உள்ளே போகவில்லை, நாக்கிலேயே நின்றது. மறுபடி இழுத்தேன். விசில் சத்தம்கூட நின்றுவிட்டது. சத்தம் வருகிறவரைக்கும் காற்று போகிறது என்று அர்த்தம். சத்தம் நின்றால்தான் பயப்பட வேண்டும் என்று பெஹ்ரூஸ் சொல்லியிருந்தார். நான் கண்ணாடியில் என் உதட்டைப் பார்த்தேன். மை தடவின மாதிரி இருந்தது.

எஸ்கிலும் அதைப் பார்த்துவிட்டான். அவன் முகம் வெளிறியது.

"குளிக்கல. யில்வா, நான் இன்னிக்கிக் குளிக்கல" என்றான்.

வண்டியை ஓரங்கட்டினான். சக்கரம் வழுக்கிப் பனிமேட்டில் மோதி நின்றது. அவன் என்னைத் தூக்கக் கையை நீட்டினான். நான் இருந்த பலத்தையெல்லாம் காலுக்குக் கொண்டுவந்து அவனை உதைத்தேன். அவனுக்குப் புரிந்தது. கதவைத் திறந்துகொண்டு வெளியே குதித்தான். நான் என் பக்கத்துக் கதவைத் திறந்து பாதி உடம்பு வெளியேயும் பாதி உள்ளேயுமாகத் தொங்கினேன். உள்ளே இருந்தால் அந்தப் பொடியின் காற்று. வெளியே போனால் நெஞ்சைக் கத்தியாகக் கீறும் குளிர். இரண்டுக்கும் நடுவில் இருமுவதற்குக்கூட மூச்சு இல்லாமல் கிடந்தேன்.

அவன் தூரமாக ஓடி நின்று ஆம்புலன்சைக் கூப்பிட்டான். சாலைப் பெயரைக் கத்திக் கத்திச் சொன்னான். வர நேரமாகும் என்றார்கள் போலிருக்கிறது. போனைப் பையில் போட்டுவிட்டுக் கோட்டைக் கழற்றி எறிந்தான், கம்பளிச் சட்டையைக் கழற்றினான், உள்சட்டையையும் கழற்றினான். பனியை வாரி முகத்திலும் தலையிலும் தேய்த்தான். தேய்த்துவிட்டு என்னை நோக்கி இரண்டு அடி வருவான், நின்றுவிடுவான், திரும்பிப் போவான். வாய் அசைந்துகொண்டே இருந்தது. எனக்குக் கேட்கவில்லை. சாகப்போகிறேன் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. சாவதைவிட, அவன் கிட்டே வந்துவிடுவானோ என்பதுதான் அப்போது எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் பனி தள்ளும் வண்டி ஒன்று மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு வந்தது.

ஓட்டிவந்தவள் அறுபதைத் தொட்ட பெண். பெரிய உடம்பு, காது மூடிய தொப்பி. இறங்கும்போதே கையில் மண்வெட்டியோடு இறங்கினாள். அவள் கண்ணில் பட்டது இதுதான்: பனிமேட்டில் மோதிய கார், சட்டை இல்லாமல் கத்தும் ஒரு ஆண், கதவில் தொங்கும் ஒரு பெண்.

"அங்கேயே நில்லு" என்றாள் அவனைப் பார்த்து.

"அவளுக்கு மூச்சு விட முடியல, நான் கிட்டப் போகக் கூடாது, என் உடம்புல மருந்து..."

"மருந்தா? போதை மருந்துன்னு நல்லாத் தெரியுது. கிட்டப் போகக் கூடாதுன்னு தெரியுதுல்ல, அப்ப அங்கேயே நில்லு. ஓர் அடி எடுத்து வச்ச, மண்டை இருக்காது."

"சரி. நிக்கிறேன். அவளை உங்க வண்டியில ஏத்துங்க. தயவு செஞ்சு ஏத்துங்க."

அவள் என்னை மூட்டை மாதிரி அள்ளித் தன் வண்டியின் உயரமான இருக்கையில் போட்டாள். அங்கே டீசல் வாசனையும் நாய் வாசனையும் அடித்தது. அதைவிடச் சுத்தமான காற்றை நான் சுவாசித்ததில்லை. மறுபடி இன்ஹேலரை இழுத்தேன். இந்தத் தடவை ஒரு கோடு மாதிரி உள்ளே இறங்கியது. மெல்லிய விசில் கேட்டது.

அவள் பெயர் குன்வோர். ரேடியோவில் ஆம்புலன்ஸ்காரர்களைப் பிடித்து, எதிரே வந்துகொண்டே இருங்கள், நான் அழைத்துவருகிறேன் என்றாள். வண்டியை நகர்த்தினாள்.

"அடிச்சானா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"எல்லாரும் இப்பிடித்தான் ஆட்டுவாங்க. என் அக்காவும் இருபது வருஷம் ஆட்டினா." கொஞ்ச தூரம் போனபின், "கழுத்தப் பிடிச்சானா?"

மறுபடி தலையாட்டினேன். பேச மூச்சு இல்லை. அவளுக்கு எதைச் சொல்வது? பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். எஸ்கில் சாலை நடுவில் வெற்று மார்போடு நின்றுகொண்டிருந்தான். சின்னதாகிக்கொண்டே போனான். அவன் குளிரில் செத்துவிடுவானே என்று தோன்றியது. அவனைக் கைகாட்டினேன்.

"கார் இருக்குல்ல, உள்ள உக்காருவான். ஆம்பளைங்க அவ்வளவு சீக்கிரம் சாக மாட்டாங்க. நீ மூச்சப் பாரு பொண்ணே."

காட்டின் நடுவில் ஆம்புலன்ஸ் எங்களைச் சந்தித்தது. என்னைப் படுக்கையில் மாற்றும்போது குன்வோர் அந்த இளைஞர்களிடம் கண்டிப்பாகச் சொன்னாள்: "பின்னாடி ஒருத்தன் காரை எடுத்துக்கிட்டு வருவான். புருஷன்னு சொல்லுவான். உள்ள விடாதீங்க." என் கையை அழுத்திவிட்டுப் போய்விட்டாள். அவள் நினைத்தது தப்பு. ஆனால் அவள் சொன்னது சரி.

தொடையில் ஊசி போட்டார்கள், முகமூடி வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் கண் திறந்தபோது நெஞ்சு ஏறி இறங்குவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். ஒரு நர்ஸ் வந்து திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். வீட்டுல உங்களுக்கு யாரையாவது பாத்து பயம் இருக்கா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தக் காருக்குள் என்னைப் பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது.

"இருக்கு" என்றேன்.

அவள் ஆச்சரியப்படவில்லை. ஒரு அட்டையில் போன் நம்பர் எழுதித் தலைமாட்டில் வைத்தாள். விஷயம் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை என்று விளக்க எனக்குத் தெம்பில்லை. விளக்கினால் அவன் தப்பு குறையுமா கூடுமா என்றும் தெரியவில்லை.

எஸ்கில் கார் நிறுத்துமிடத்திலிருந்து போன் செய்தான். அவனை உள்ளே விடவில்லை. அவனும் விடச்சொல்லிக் கேட்கவில்லை.

"கேக்குதா?" என்றான்.

"கேக்குது."

"மூச்சு?"

"வருது. எதுக்குப் பொய் சொன்ன?"

அந்தப் பக்கம் கார்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"உனக்குத் தெரியாம இருந்தாத்தான் உண்மை தெரியும்னு நெனச்சேன். குளிச்சேன்னு நீ நம்புற அன்னிக்கி மூச்சு முட்டலன்னா, அது பயம்தான்னு ஆயிடும். பயம்னா வைத்தியம் இருக்கு. நாம பழையபடி ஒண்ணா இருக்கலாம். காலையில அந்தப் பொடியோடதான் வேலை பாத்தேன், துணிய மாத்தல. ஒரே ஒரு தடவை பாத்துடலாம்னு..."

"சோதனையா?"

"யில்வா..."

"கண்ணைக் கட்டின சோதனை. எலிக்குச் சொல்லக் கூடாது. நல்ல முறைதான். நானா இருந்தாலும் அப்படித்தான் செஞ்சிருப்பேன், எலிக்கு."

அவன் அழுதான். அவன் அழுது நான் கேட்டதில்லை. எனக்குப் பாவமாக இருந்தது, அதே நேரம் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். போன் வழியாக எதுவும் ஒட்டாது என்று தெரிந்தும்.

"வண்டிய நிறுத்தும் முன்னாடி எவ்வளவு நேரம் பாத்துக்கிட்டு இருந்த?" என்று கேட்டேன்.

"தெரியல. இருமல் மட்டும்தானேன்னு... தெரியல."

போனை வைத்துவிட்டேன்.

நான் கோடை முடியும்வரை தங்கை வீட்டிலேயே இருந்தேன். எஸ்கில் உப்சாலாவில் எங்கள் வீட்டில் திரைச்சீலை முதல் சோபா வரை எறிந்துவிட்டுத் தரையைக் கழுவினான். அன்னேலியிடம் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு வேலையை விட்டான். பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியாராகச் சேர்ந்தான். பிள்ளைகளிடம் வினிகரும் சோடா உப்பும்தான், வேறு எதையும் தொடுவதில்லை என்று எழுதினான்.

பனி உருகியபின் ஆற்றுப் பாலத்தில் சந்திக்க ஆரம்பித்தோம். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து நான் நின்றுகொள்வேன்; அவன் எதிர்ப்பக்கம் நிற்பான். வாரம் ஒரு முறை அப்படிப் பேசினோம். ஒரு தடவை எங்களைத் தாண்டிப் போன கிழவர் ஒருவர், "சண்டையா? இன்னும் கொஞ்சம் கிட்ட நின்னு போட்டாத்தான் காதுல விழும்" என்றார். அன்று இருவரும் சிரித்தோம், எனக்கு இருமல் வரவில்லை.

கோடையின் கடைசியில் பெஹ்ரூஸ் என்னைச் சோதித்துவிட்டு, வீட்டுக்குப் போகலாம் என்றார். "நுரையீரல் தயார். மத்தத உங்களத்தான் கேக்கணும்" என்றார். அவரிடம் நடந்த எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். தான் சொன்ன ஒரு வாக்கியத்தை எஸ்கில் எப்படி எடுத்துக்கொண்டான் என்று தெரிந்தபோது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

எங்கள் மருந்து அந்த இலையுதிர்காலத்தில் முதல் நோயாளிக்குப் போயிற்று. அன்னேலி கேக் வெட்டினாள். எனக்கு ஒரு துண்டை வெளி முற்றத்துக்கு எடுத்துவந்து கொடுத்தாள். நன்றாகத்தான் இருந்தது. அந்த நோயாளி யாரென்று எனக்குத் தெரியாது. அவர் நெஞ்சுக்குள் எங்கள் கொக்கி சரியான இடத்தைப் பிடித்திருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

எஸ்கிலும் நானும் இப்போது ஒரே வீட்டில் இருக்கிறோம். ஏன் திரும்பிப் போனாய் என்று தங்கை கேட்கிறாள். அவனோடு இருந்த வருஷங்களை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் போனேன் என்று சொன்னேன். அவன் மாறித்தான் இருக்கிறான். வந்ததும் உள்ளே நுழைவதில்லை. வாசலிலேயே நின்று அன்றைக்குத் தான் எதையெல்லாம் தொட்டேன் என்று சொல்கிறான்: சாக்கட்டி, உப்பு, எலுமிச்சம்பழம், பஸ் கம்பி. நான் கேட்காததையும் சொல்கிறான். சொல்லி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்து நிற்கிறான். பார்த்தால் எனக்கு எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

நான் ஒரு தடவை மூச்சை முழுசாக இழுத்து, முழுசாக விடுகிறேன். தடையில்லாமல் போய்வருகிறது. அதன் பிறகு "வா" என்று சொல்கிறேன். சில நாட்களில் அந்த ஒரு சொல் உடனே வந்துவிடுகிறது. சில நாட்களில் மூச்சு நன்றாக இருந்தும் வருவதில்லை. அவன் கையில் பால் பாக்கெட்டோடு வாசலில் காத்துக்கொண்டிருக்கிறான்.